மூட்டையில் உள்ளதைப் பிரித்துச் சொல்லுங்கள்

சிவகாசி வட்டாரத்தில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இதை எழுதுகிறேன். பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர், ஆலையில் போர்மேனாக இருப்பவர், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, அச்சகத்தில் லேபிள் வடிவமைப்பவர் என எல்லாரும் இதில் அடக்கம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவராவது காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறார். அவர் தொடும் மூட்டையிலும் டிரம்மிலும் அவருடைய உயிர் சம்பந்தமான நாலைந்து சொற்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. அவருக்கு அதைப் படிக்க வராது, உங்களுக்கு வரும். படித்து, புரிந்துகொண்டு, அவருக்குச் சொல்லாமல் விடுவது தவறு. சாதாரணத் தவறு என்றும் நான் நினைக்கவில்லை.

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று ஒரு அக்கா கேட்டால், "எல்லாம் டேஞ்சர்தான்க்கா, பாத்துச் செய்யுங்க" என்று பதில் வரும். கேட்டவரும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். அந்தப் பதிலில் பொய் ஏதும் கிடையாது, பயனும் கிடையாது. இதன் மேல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும், அந்த மூட்டைக்குப் பக்கத்தில் இதை வைக்கலாமா, கையில் ஒட்டியதைக் கழுவாமல் சோறு தின்னலாமா, தீப்பிடித்தால் அணைப்பதா ஓடுவதா என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட 'டேஞ்சர்' விடை சொல்லாது. மூட்டையில் அச்சிட்டிருப்பவை விடை சொல்கின்றன. ஃப்ளேமபிள், ஆக்ஸிடைசிங், எக்ஸ்ப்ளோசிவ், டாக்சிக், ஹார்ம்ஃபுல் என்று அங்கே இருப்பவை எல்லாம் பெயருக்கு முன் நிற்கும் அடைமொழிகள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் 'ஆபத்தான' என்ற ஒன்றையே சொல்வது போலிருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் செய்யச் சொல்லும் காரியம் வேறு. சிலவற்றில் ஒன்று சொல்வதற்கு நேர் எதிரானதை மற்றொன்று சொல்கிறது.

வெடிமருந்து கலக்கும் அறைக்கு வரும் மூன்று மூட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அதில் மஞ்சள் நிறச் சாய்சதுரமும், வட்டத்தின் மேல் எரியும் சுடர்ப் படமும், 'ஆக்ஸிடைசிங்' அல்லது 'ஆக்ஸிடைசர்' என்ற சொல்லும் இருக்கும். இது தானாக எரியாது. ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினால் விறகு போலப் பற்றிக்கொள்ளாது. அதனாலேயே "இது ஒண்ணும் செய்யாது" என்ற நினைப்பு பலருக்கு வந்துவிடுகிறது. எரிகிற எதற்கும் ஆக்சிஜனைத் தன் உள்ளிருந்தே எடுத்துக் கொடுப்பதுதான் இதன் வேலை. எனவே இது கலந்த தீயின் மேல் சாக்கைப் போட்டு மூடினாலோ மணலைக் கொட்டினாலோ அது மூச்சுத் திணறி அடங்காது. காற்று அதற்குத் தேவையே இல்லை. வெடியுப்பு மூட்டை மட்டும் தீயில் மாட்டியிருந்தால், தூரத்தில் நின்று தண்ணீரை ஏராளமாகப் பீய்ச்சிக் குளிர வைப்பதே வழி.

இரண்டாவது கந்தகம். இதன் மேல் இருப்பது 'ஃப்ளேமபிள்' என்ற சொல். எளிதில் பற்றி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு எரிவது இதன் குணம். முதல் மூட்டை எரிய வைப்பது, இரண்டாவது மூட்டை எரிவது. இரண்டையும் ஒரே அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. இந்த இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடே அந்த விதி.

மூன்றாவது அலுமினியப் பொடி. மேற்பூச்சு உள்ள பொடி என்றால் வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரம் இருக்கும். அதற்குப் பொருள் ஃப்ளேமபிள். மேற்பூச்சு இல்லாத பொடிக்கு நீல நிறச் சாய்சதுரம், கூடவே 'டேஞ்சரஸ் வென் வெட்', அதாவது நனைந்தால் ஆபத்து என்ற எச்சரிக்கை. பொடி எரியும்போது தண்ணீரை ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் மூர்க்கமாகும். இதற்குக் காய்ந்த மணல்தான். பக்கத்து மூட்டைக்கு எது காப்போ அது இந்த மூட்டைக்கு எமன். இரண்டையும் 'டேஞ்சர்' என்ற ஒரே சொல்லில் அடக்கியவர், ஆபத்து நேரத்தில் வாளியை எடுப்பதா மணலை எடுப்பதா என்று அந்தப் பெண்ணைத் திகைக்க வைத்தவர்.

இம்மூன்றும் சேர்ந்து கலவை ஆன கணத்திலேயே பழைய அடைமொழிகள் காலாவதியாகிவிடுகின்றன. இப்போது அதன் பெயர் 'எக்ஸ்ப்ளோசிவ்'. எரிவதும் எரிய வைப்பதும் தூளுக்குத் தூள் ஒட்டிக் கிடக்கின்றன. இதற்குத் தண்ணீரும் கிடையாது, மணலும் கிடையாது. கலவையில் தீ விழுந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவது ஒன்றுதான் அறிவு. கூட வேலை செய்பவர்களையும் கத்திக் கூப்பிட்டு ஓட வைக்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. ஆலையில் தீ கிளம்பியதும் சுற்றுவட்டாரத்து மக்கள் உதவவும் பார்க்கவும் ஓடி வந்தார்கள். பெரிய வெடிப்பு அதற்குப் பிறகுதான் நிகழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள், எரிகிற வீட்டைப் பார்த்தால் ஓடிப்போய் அணைக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட நல்ல மனிதர்கள். எரியும் பொருளுக்கும் வெடிக்கும் பொருளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஊர் முழுக்கச் சொல்லி வைக்க வேண்டியது யாருடைய கடமை? தெரிந்தவர்களுடைய கடமை.

2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம், 2024 மே 9இல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி என்று வெடிவிபத்துகளின் பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கெல்லாம் ஓர் ஆங்கிலச் சொல் புரியாததுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அது அநியாயம். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை உட்கார வைப்பது, அறைக்கு வெளியே மரத்தடியில் மருந்து செலுத்துவது, உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவது, பீஸ் ரேட்டுக்காகக் கையை விரட்டுவது, கண்டும் காணாமல் போகும் அதிகாரம் ஆகியவை பெரிய குற்றங்கள். அவற்றுக்கான பொறுப்பை ஒரு தொழிலாளியின் மொழியறிவின் மேல் ஏற்றிவிட்டு யாரும் தப்பிக்கக் கூடாது. ஆனால் முதலாளி திருந்தும் வரை, அதிகாரி விழிக்கும் வரை, படித்த நாம் நம்மால் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்யாமல் இருக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

ஆசிரியர்களே, இது முதலில் உங்களிடம் தொடங்க வேண்டும். பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வின் தொடக்கத்திலேயே ஒரு சொல்லைக் கொடுத்து அதே பொருளுள்ள மற்றொரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ஹசார்டஸ் என்றால் டேஞ்சரஸ், டாக்சிக் என்றால் பாய்சனஸ், இரண்டுக்கும் நடுவே ஒரு சமக்குறி. பிள்ளை அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறது. பொதுத்தேர்வில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை, அதற்குப் பின்னாலுள்ள உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சமக்குறி தேர்வுத்தாளில் மட்டும் செல்லுபடியாகும். தேர்வு எழுதிய பிள்ளையின் தாய் நிற்கும் அறையில் அது பொய்யாகிவிடுகிறது. ஒரே பொருளுள்ள சொற்களை நடத்துகிற அன்றைக்கே, அவை எங்கே பிரிகின்றன என்பதையும் நடத்துங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். எடுத்துக்காட்டுக்குப் பாடப்புத்தகத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்று யாரும் உங்களைத் தடுக்கவில்லை. உங்கள் ஊர் கிடங்கில் இருக்கும் மூட்டையை எடுத்துக்காட்டாக வையுங்கள்.

ஒரு முன்னொட்டு எவ்வளவு பெரிய குழி வெட்டும் என்பதையும் அவர்களுக்குக் காட்டுங்கள். கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். இப்படிப் படித்த பிள்ளை, 'இன்ஃப்ளேமபிள்' என்பதைப் பார்த்ததும் 'தீப்பிடிக்காதது' என்றுதான் எண்ணும். ஆனால் ஃப்ளேமபிளும் இன்ஃப்ளேமபிளும் ஒன்றே, இரண்டும் எளிதில் தீப்பிடிப்பவை. தீப்பிடிக்காததற்கு 'நான்ஃப்ளேமபிள்' என்று பெயர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுவார்கள் என்று பயந்து, 1920களிலேயே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'இன்' இல்லாத வடிவத்தையே பயன்படுத்தும்படி வலியுறுத்தத் தொடங்கியது. ஆனால் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் 1952ஆம் ஆண்டுச் சட்டமொன்று 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. பழைய டேங்கர் லாரிகளின் முதுகிலும் அதைப் பார்க்கலாம். இரண்டு வடிவமும் புழங்கும் நாட்டில் இரண்டையும் சொல்லிக்கொடுத்துதான் ஆக வேண்டும்.

'கம்பஸ்டிபிள்' என்பது இவற்றின் பக்கத்து வீடு. அதுவும் எரியும், ஆனால் முதலில் சூடேற வேண்டும். பெட்ரோல் திறந்த உடனேயே அதன் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும், மண்ணெண்ணெய் அவ்வளவு அவசரப்படாது. 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் ஆவி பற்றும் வெப்பநிலையை வைத்து மூன்று வகுப்பு பிரித்து, 23 டிகிரி செல்சியசுக்குக் கீழே பற்றுவதை முதல் வகுப்பில் வைத்தது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் உள்ள வெப்பத்தை நினைத்துப் பார்த்தால், அந்த எல்லைக்கோடு நம் ஊருக்கு எவ்வளவு கிட்டத்தில் ஓடுகிறது என்று புரியும்.

உடம்புக்குள் போகும் விஷத்திற்கும் இப்படிப் படிகள் உண்டு, இதைத் தாய்மார்கள் கட்டாயம் அறிய வேண்டும். உலக அளவில் ஒப்புக்கொண்ட லேபிள் முறையில் 'ஃபேட்டல்' என்று போட்டிருந்தால் மிகச் சிறிய அளவே ஆளைக் கொல்லும். 'டாக்சிக்' அதற்கு அடுத்த படி. 'ஹார்ம்ஃபுல்' அதற்கும் கீழே. எழுதுகிறவர் இஷ்டத்துக்கு மாற்றிப் போடும் சொற்கள் அல்ல இவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அளந்து வைத்த எல்லை இருக்கிறது. கீழ்ப்படி என்பதால் ஹார்ம்ஃபுல் என்பதை அலட்சியம் செய்யலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாள் அளவு சிறியதாக இருக்கலாம், ஆனால் மருந்து படிந்த கையோடு தூக்குச்சட்டியைத் திறப்பவர் வருஷம் முழுக்கத் திறக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோறு என்பதும், ஆலைச் சேலையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பதும் இந்தச் சொற்களிலிருந்து பிறக்கும் நடைமுறைகள்.

'அன்ஸ்டேபிள்', 'சென்சிடிவ்' என்று இரண்டு உண்டு. போர்மேன்கள் இவற்றை ஒன்றாகவே பேசுவதைப் பார்க்கிறோம். சென்சிடிவ் என்றால் நாம் ஏதாவது செய்தால் அது பதில் செய்யும். உரசினால், தட்டினால், இழுத்தால், நிலைமின்சாரம் பட்டால் பற்றும். நிதானமான கையும் பருத்திச் சேலையும் அதற்குத் தேவை. அன்ஸ்டேபிள் என்றால் நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது தானாக மாறும். அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் இறங்கினால் உள்ளுக்குள் மெல்லச் சூடேறத் தொடங்குகிறது, அம்மோனியா வாடை கிளம்புகிறது. இதைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். மழை நாளில் மீந்த மருந்தை மூலையில் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் சென்சிடிவ் என்ற சொல்லை மட்டும் அறிந்தவர். தொடாமல் வைத்தால் போதும் என்று நம்பிவிட்டார். மறுநாள் காலை அந்த அறைக் கதவைத் திறப்பது வேறொருவர் என்பதை அவர் நினைக்கவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறினால் போய்ப் பார்க்காதீர்கள், கிளறாதீர்கள், எல்லாரையும் வெளியேற்றுங்கள்.

'எம்ப்டி', காலி என்கிற அப்பாவிச் சொல்லைப் பற்றி ஒரு மனிதர் எழுதியதைச் சொல்ல வேண்டும். பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்கர் மொழியியல் அறிஞர். அவருக்குச் சோறு போட்ட வேலை ஹார்ட்ஃபோர்ட் தீக் காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்பு ஆய்வு. தீ எப்படிப் பிடித்தது என்று அறிக்கை அறிக்கையாகப் படித்த அவர், பெட்ரோல் நிறைந்த டிரம்களுக்கு அருகே ஜாக்கிரதையாக நடப்பவர்கள் 'காலி' டிரம்களுக்கு அருகே சிகரெட்டை அலட்சியமாகக் கையாள்வதைக் கண்டார். காலி டிரம்முக்குள் வெடிக்கும் ஆவி நிறைந்திருக்கிறது, அதனால் அதுவே கூடுதல் ஆபத்து. பொருளை விட்டுவிட்டு அதன் முன்னால் இருந்த அடைமொழியை நம்பித் தீயை மூட்டிக்கொண்டார்கள். மருந்துத் தூசி படிந்த சாக்கைக் 'காலி' என்று சொல்லி உதறுவதும், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானியம் கட்டுவதும் அதே தவறுதான். காலி வேறு, சுத்தம் வேறு. இந்த ஒன்றையாவது உங்கள் வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய மண்ணுக்கு அடைமொழியின் கனம் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழில் அது. பாஸ்பரஸ் ஒன்றுதான். ஆனால் 'வெள்ளை' பாஸ்பரஸில் வேலை செய்த ஐரோப்பியத் தீக்குச்சித் தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் 1888இல் தீக்குச்சி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில் அவர்களுடைய ஆலையிலும் அந்தப் பாஸ்பரஸ்தான் புழங்கியது. இந்தியாவில் 1913இல் தனிச் சட்டமே போட்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுத்தார்கள். 'சிவப்பு' பாஸ்பரஸோ இன்றும் உங்கள் தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசப்பட்டிருக்கிறது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. வெள்ளைப் பாஸ்பரஸும் 'மஞ்சள்' பாஸ்பரஸும் ஒன்றே. எலிப் பசையில் கலந்து எத்தனையோ குடும்பங்களில் ஈரலைக் கெடுத்து உயிரைப் பறித்தது அதுதான். நிறம் வேறு என்பதால் பொருளும் வேறு என்று நினைப்பவர் ஏமாந்துபோவார்.

தீப்பெட்டியில் 'சேஃப்டி' என்று போட்டிருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. எந்தச் சுவரில் உரசினாலும் பற்றாது, பெட்டியின் பக்கத்தில் உரசினால்தான் பற்றும் என்பது மட்டுமே அதன் உறுதி. குழந்தை கையில் கொடுக்கலாம் என்று அது சொல்லவில்லை. இதே கண்ணோடு 'கிரீன்' என்ற சொல்லைப் பாருங்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, மாசு குறைத்த மேம்பட்ட பட்டாசும் பசுமைப் பட்டாசும் மட்டுமே விற்கலாம் என்றது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைத் தந்தது. அவற்றில் புகைத் துகள் குறைந்தது 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது கணக்கு. ஆக, பசுமை என்பது வானத்துக்கும் வெடிக்கிறவரின் நுரையீரலுக்கும் கொடுத்த வாக்கு. மருந்து கலக்கும் கைக்கு அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அங்கே வெடியுப்பும் அலுமினியப் பொடியும் இருக்கத்தான் செய்கின்றன, உரசினால் பற்றத்தான் செய்யும். "இப்ப எல்லாம் பசுமைதானே, பயமில்ல" என்று ஒரு போர்மேன் சொன்னால் அவரை அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். போதாக்குறைக்கு, தடை செய்யப்பட்ட பேரியம் நைட்ரேட்டுக்கு நம் ஊரில் பெயர் 'பச்சை உப்பு'. பச்சை உப்புக்கும் பசுமைப் பட்டாசுக்கும் உள்ள தூரத்தைத் தொழிலாளிக்கு விளக்காமல் விடுவது பெரும் பிழை.

சட்டம் இந்தப் பக்கம்தான் நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆலையில் மாட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. போபாலில் 1984இல் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1987இல் அதில் திருத்தம் வந்தது. தாம் கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பது ஆலை நடத்துபவரின் கடமை, கேட்டு அறிவது தொழிலாளியின் உரிமை என்று அந்தத் திருத்தம் சொன்னது. ஆகையால் அந்த அக்கா கேட்டது சலுகை கேட்டதாகாது. சட்டமே ஒப்புக்கொண்ட அவருடைய பங்கை அவர் கேட்டிருக்கிறார்.

அச்சகக்காரர்களே, இந்தியா முழுமைக்கும் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் லேபிளும் அடித்துக் கொடுக்கிற ஊர் உங்களுடையது. ஒரு மூட்டையில் ஒட்ட உள்ளங்கை அகலத் தமிழ்ச் சீட்டு அடிக்க உங்களுக்கு எவ்வளவு செலவாகும்? ஆர்டர் வரும் வரை காத்திருக்காதீர்கள். 'எரிய வைக்கும், எரியும் பொருளோடு வைக்காதே'. 'எளிதில் பற்றும்'. 'தண்ணீர் படக் கூடாது, காய்ந்த மணல் மட்டும்'. 'வெடிக்கும், அணைக்காதே, ஓடு'. இவ்வளவுதான் எழுத வேண்டும். 'அபாயம்' என்று பொதுவாக ஒன்றை அடித்து எல்லாவற்றிலும் ஒட்டிவிடாதீர்கள். பழைய தவறு தமிழில் தொடர்வதில் லாபம் இல்லை.

பிள்ளைகளே, அம்மா வேலையிலிருந்து வந்ததும் கேளுங்கள். "அம்மா, இன்னைக்கு எந்த மூட்டை பிரிச்சீங்க? மேல என்ன நிறத்துல படம் இருந்துச்சு?" மஞ்சளா, நீலமா, சிவப்புக் கோடா என்று அவருக்கு நினைவிருக்கும். எழுத்து தெரியாவிட்டாலும் கண் தெரியும். அந்த நிறத்திற்கான சொல்லையும் பொருளையும் நீங்கள் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவர் என்பதால் அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மருந்தின் குணத்தைக் கை அறிவாக அறிந்தவர் அவர். உங்கள் சொல் அந்த அறிவோடு சேர வேண்டும், அவ்வளவுதான்.

போர்மேன்களே, கடைசியாக உங்களிடம். சொல்லிவிட்டேன் என்று கையைத் தட்டிக்கொள்ளாதீர்கள். புதிதாக மருந்து அறைக்கு வருகிறவரை மூன்று மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்துங்கள். எது எரிவது, எது எரிய வைப்பது, எதற்குத் தண்ணீர், எதற்கு மணல், எப்போது எதையும் எடுக்காமல் ஓட வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒன்றில் தடுமாறினால் மறுபடி சொல்லிக்கொடுங்கள். அப்படியும் தடுமாறினால் அன்றைக்கு அவருக்குப் பெட்டி ஒட்டும் வேலையைக் கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள், மருந்து அறைக்குள் அனுப்பாதீர்கள்.